தெப்பக்குளத் திருப்பணி முடிந்தது: குளத்துத் தண்ணீர் எங்கே போனது என்பதும் தெரிந்தது

உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். குளத்து வேலை ஆடியோடு முடிந்தது. வரவு செலவு மடப்பள்ளிச் சுவரில் ஒட்டியிருக்கிறது, ரசீதுகள் பொருளாளரிடம் இருக்கின்றன, வேண்டியவர்கள் போய்ப் பார்க்கலாம். இங்கே எழுத வேண்டியது வேறு.

ஐப்பசி கார்த்திகையில் நிரம்புகிற குளம் தை பிறப்பதற்குள் வற்றியதற்கு நெய்வேலிச் சுரங்கம்தான் காரணம் என்று டீக்கடை முதல் கமிட்டி வரை எல்லோரும் பேசினோம், நானும்தான். சுரங்கத்தில் தண்ணீர் இறைப்பது உண்மை. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் ஊற்றுநீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது, அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத் தரையைப் பொத்துக்கொண்டு கிளம்பிவிடும், அதனால் 1961இல் முதன்முதலாக நிலக்கரியை எட்டிய காலத்திலிருந்தே இரவு பகலாக மோட்டார் ஓடுகிறது. ஆனால் அது ஆழத்து நீர். நம் குளம் இருப்பது வெள்ளாறு கொண்டுவந்து போட்ட மேல் வண்டலில். ஆழ்துளைக் கிணறு (போர்) போட்டவர்களின் கஷ்டம் தனிக் கதை, அதை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

நிலத்தடி நீர் வேலையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு உறுப்பினர்தான் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கல்லைக் கட்டி, குளத்தையும் திருமஞ்சனக் கிணற்றையும் தினம் காலையில் அளக்கச் சொன்னார். குளம் ஒரு சாண் இறங்கினால் கிணறு நாலு விரல் ஏறியது! கீழே உறிஞ்சப்பட்டிருந்தால் கிணறும் அல்லவா இறங்கியிருக்க வேண்டும்? அப்புறம் குளத்து நடுவில் குழி வெட்டிப் பார்த்தோம். மண்வெட்டி போட்டதுமே மணல், சர்க்கரை மாதிரி, கையில் அள்ளினால் விரலிடுக்கில் ஓடுகிறது. கரையோரம் தோண்டியபோது அதே மணலுக்கு மேல் ஒரு முழம் சாம்பல் நிறக் களி இருந்தது, நடுவில் மட்டும் இல்லை. தண்ணீரைத் தாங்கும் களி இல்லாததால், குளத்துத் தண்ணீர் மணல் வழியாகக் கசிந்து கிணற்றுப் பக்கம் போயிருக்கிறது.

சரி, களி எங்கே போனது? போன முறை தூர் வாரியபோது, ஆழம் கூடினால் தண்ணீர் கூடும் என்று ஜேசிபியை இறக்கி வழித்துப் போட்டோமே, அதோடு போனது. தாத்தா காலத்தில் வண்டலை மட்டும் கூடையில் அள்ளி வயலுக்குக் கொண்டுபோனார்கள், களியைத் தொட்டதில்லை. தப்பு கமிட்டியுடையது, மறைக்க ஒன்றுமில்லை.

இந்த முறை ஏரிக்களியை ஈரம் பதமாக நனைத்து, மூன்று அடுக்காகப் போட்டு மிதித்தோம். முதல் அடுக்கு வெயிலில் வெடித்துவிட்டதால் பிரித்து மறுபடி போட வேண்டி வந்தது, கூலி கூடியது அதனால்தான். வரத்துக் கால்வாய் வாயில் மணல் தங்க ஒரு தொட்டியும் கட்டியிருக்கிறோம். சித்திரை மழையில் தேங்கிய தண்ணீர் பத்து நாள் கழித்தும் அப்படியே நின்றது, வெயிலுக்குப் போனது போக.

குளத்து நடுவில் ஒரு கல் நட்டிருக்கிறோம். அடுத்து தூர் வாருகிறவர்கள் அந்தக் கல்லில் வெட்டிய கோட்டுக்குக் கீழே தோண்டக் கூடாது.