அக்காவின் சிலைடு

அன்புள்ள நண்பா,

நலம்தானே? இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு வாரமாக மாலையானால் மழை. உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் போடாததற்குக் காரணம் அக்காதான். மார்பில் கட்டி என்று ஊசி வழியாகச் சதை எடுத்தார்கள், முடிவு வர மூன்று வாரம். புற்றுநோய்தான், ஆனால் ஆரம்பக் கட்டம், சிகிச்சை தொடங்கிவிட்டது.

அந்த மூன்று வாரமும் அக்கா போனைக் கையைவிட்டுக் கீழே வைக்கவில்லை. ஏன் இவ்வளவு நாள் என்று லேபில் வேலை செய்யும் அவள் மகளிடம் கேட்டேன். சதையை ஃபார்மலினில் போட்டு, மெழுகில் பதித்து, முடியைவிட மெல்லியதாகச் சீவி, கண்ணாடிச் சிலைடில் ஒட்டிச் சாயம் ஏற்ற வேண்டுமாம். உயிரணுக்களின் கரு நீலமாகவும் மற்றவை இளஞ்சிவப்பாகவும் தெரியும். அப்புறம் டாக்டர் பார்க்கும்வரை வரிசை. நோய் இருக்கிற சிலைடும் இல்லாத சிலைடும் ஒரே தட்டில் கிடக்கும்.

ஏஐ வந்தால் டாக்டர்களுக்கு வேலை போய்விடும் என்று எழுதியிருந்தாயே, எனக்கு அப்படித் தோன்றவில்லை. சிலைடை ஸ்கேன் செய்து கொடுத்தால், சந்தேகமானதை அது வரிசையின் முன்னால் தள்ளிவிடும், எந்த இடத்தில் பார்க்க வேண்டும் என்றும் காட்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். 2016இல் நெதர்லாந்தில் மார்புப் புற்றுநோய் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியதைக் கண்டுபிடிக்க ஏஐகளுக்கு ஒரு போட்டி வைத்தார்கள். 129 சிலைடுகள், நேரக் கெடுவோடு பார்த்த 11 டாக்டர்களை முதலிடம் வந்த ஏஐ முந்திவிட்டது. ஆனால் கெடு இல்லாமல் நிதானமாகப் பார்த்த ஒரு டாக்டர் அதற்குச் சமமாக நின்றார். நம் டாக்டர்களுக்கு இல்லாதது நேரம்தான். 2021இல் அமெரிக்க அரசு ஆண்களின் புரோஸ்டேட் சுரப்பிச் சிலைடுகளுக்கு அப்படி ஓர் ஏஐயை அனுமதித்தது, அதுவும் டாக்டருக்குத் துணையாகத்தான். 2024இல் சிலைடுப் படத்தைக் காட்டிக் கேள்வி கேட்டால் பதில் சொல்லும் பாத்சாட் என்ற ஏஐ உதவியாளரும் வந்துவிட்டது.

ஒரு பயம் மட்டும் இருக்கிறது. தோட்டத்தில் அப்பா புகைபோட்ட ரப்பர் ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் தரம் பிரிப்பாரே, நினைவிருக்கிறதா? வேறு தோட்டத்து ஷீட் வந்தால் அவரே சற்றுத் தயங்குவார். லேபுக்கு லேப் சாயத்தின் நிறம் மாறும், ஓர் ஊர்ச் சிலைடுகளில் பழகிய ஏஐ இன்னோர் ஊரில் தடுமாறலாம். அதனால் இங்கே கொண்டுவரும்போது முதலில் நம் சிலைடுகளில் சோதித்துப் பார்க்க வேண்டும், கையெழுத்து டாக்டருடையதாகவே இருக்க வேண்டும். முடிவை அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொன்ன அந்த டாக்டரம்மாவை நான் மறக்கவே மாட்டேன்.

சரி, அடுத்த மருந்து வியாழக்கிழமை. புதன் இரவு அக்காவுக்குப் போன் பண்ணு, நீ எப்போது வருவாய் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அன்புடன்,
உன் பழைய லயத்துத் தோழன்