அந்தக் கேசட்டை ஓட்டிப் பார்க்காதே

குன்னூர்
பொங்கல் கழிந்த வாரம்

அன்புள்ள சேகர்,

முதலில் வேலை. நம் குழு மேட்டுப்பாளையம் கல்யாண ரிசப்ஷனில் வாசித்ததைப் பிடித்த கேசட் உன்னிடம் இருக்கிறதே, அதைத் தேடி எடு. எடுத்துக் கையில் வை. எந்தக் காரணம் கொண்டும் டேப்ரிக்கார்டரில் போட்டு ஓட்டிப் பார்க்காதே. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இங்கே எல்லோரும் நலம். பச்சைத் தேயிலைக்கு விலை இல்லை, உறைபனிக்குக் குறைவில்லை. ஊட்டிப் பக்கம் தலைகுந்தாவில் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கிறதாம், அதைப் படம் பிடிக்க விடியற்காலையிலேயே கார் கார் என்று வந்து நிற்கிறார்கள். எவ்வளவு நாளாக எழுதவில்லை என்று நீ திட்டுவாய். நீயும்தான் எழுதவில்லை. கணக்கு நேராகிவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். தங்கை மகன் பெங்களூரிலிருந்து பொங்கலுக்கு வந்திருந்தான். ஃபோனில் எதையோ போட்டுவிட்டு, “மாமா, இது யாருன்னு சொல்லுங்க பார்க்கலாம்” என்றான். ஒரே இரைச்சல். பெரிய கொட்டகைக்குள் நாலு பேர் அடித்துக்கொள்கிற சத்தம். அந்த டிரம்ஸ் உள்ளே வந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. லெட் செப்பெலின்! அந்த இங்கிலாந்து ராக் குழுவேதான். 1968 டிசம்பர் 30, அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்து ஸ்போக்கேன், கொன்சாகா பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அரங்கம். கூட்டத்தில் உட்கார்ந்திருந்த யாரோ பதிவு செய்தது. அவர்களுடைய மேடைக் கச்சேரிப் பதிவுகளில் இன்றைக்குக் கிடைப்பதிலேயே மூத்தது அதுதானாம். முதல் அமெரிக்கப் பயணம், மேடையேறத் தொடங்கி நாலைந்து நாள்கூட ஆகவில்லை.

நீ உடனே டென்மார்க்கைத் தூக்கிக்கொண்டு வருவாய், தெரியும். ஆமாம், அவர்கள் சேர்ந்து வாசித்த முதல் கச்சேரியே 1968 செப்டம்பர் 7 அன்று டென்மார்க்கில் கிளாட்சாக்ஸ என்ற ஊரில்தான், அதுவும் கிட்டார்காரர் ஜிம்மி பேஜின் பழைய குழுவான யார்ட்பேர்ட்ஸை ஒட்டி நியூ யார்ட்பேர்ட்ஸ் என்ற பெயரில். பிறந்ததே வெளிநாட்டில் என்று நீ வாதாடலாம். ஆனால் பிழைப்புத் தேடிக் கடல் தாண்டியது அமெரிக்காவுக்குத்தான். டிசம்பர் 26 அன்று டென்வரில் முதல் மேடை. அதுகூட அவர்களுக்கென்று ஏற்பாடானது இல்லை. ஜெஃப் பெக் குழு வரவில்லை என்று சொல்லிவிட்டதால் வெனிலா ஃபட்ஜ் என்ற அமெரிக்கக் குழுவின் பயணத்தில் காலியான இடம். கிறிஸ்துமஸ் நேரத்தில் வீட்டை விட்டு ஓடி வந்திருக்கிறார்கள். மேனேஜர் பீட்டர் கிராண்ட் மட்டும் பெண்டாட்டி பிள்ளைகளோடு ஊரிலேயே தங்கிவிட்டார். பாடுகிற பிளான்ட்டுக்கும் டிரம்ஸ்காரன் போனமுக்கும் இருபது வயது. ஸ்போக்கேன் பத்திரிகை விளம்பரத்தில் பெயர் எப்படி வந்தது தெரியுமா? ‘லென் ஜெஃப்லின்’! நம் பெயரை மேட்டுப்பாளையம் நோட்டீஸில் அச்சடித்த மகானுக்கு அங்கேயும் சொந்தக்காரர்கள் இருந்திருக்கிறார்கள்.

இன்னொன்று கேள். அதே டிசம்பர் 30 அன்றுதான் வாஷிங்டன் மாநிலத்தின் வரலாற்றிலேயே மிகக் கடுமையான குளிர் பதிவாகியிருக்கிறது. மஜாமா, வின்த்ரோப் என்ற இரண்டு ஊர்களில் மைனஸ் 44 டிகிரி செல்சியஸ். நாம் தலைகுந்தாவில் மைனஸ் ஒன்றுக்கே பேப்பரில் படம் போடுகிறோம். அந்தக் குளிரிலிருந்து கிட்டாரைச் சூடான அரங்கத்துக்குள் கொண்டுபோனால் தந்தி என்ன பாடுபடும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. லவ்டேல் கிறிஸ்துமஸ் ஒத்திகையில் நீ சுருதி சேர்த்துக்கொண்டே இருந்தாய், ஃபாதர் போய்ப் படுத்துவிட்டார்.

சேகர், மற்ற லைவ் ரெக்கார்டு எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள். பாட்டின் முதல் இரண்டு மீட்டு விழுந்ததும் கூட்டம் ‘ஹோ’ என்று எழும். தெரிந்த பாட்டு வந்த சந்தோஷம். ஸ்போக்கேனில் அதற்கு வழியே இல்லை. அவர்களுடைய முதல் ஆல்பம் கடைக்கு வந்ததே 1969 ஜனவரி 12 அன்று. அரங்கில் இருந்தவர்கள் காசு கொடுத்தது வெனிலா ஃபட்ஜைக் கேட்க. அதற்கு முன்னால் யாரோ நாலு இங்கிலாந்துப் பையன்கள் வந்து வாசிக்கிறார்கள். ஆகவே ஒவ்வொரு பாட்டையும் பூஜ்யத்திலிருந்து ஜெயிக்க வேண்டியிருக்கிறது. அந்த ஜெயிப்பு காதில் விழுகிறது. பின்னால் வந்த பெரிய ஸ்டேடியம் கச்சேரிகளில் எனக்கு இது கிடைத்ததே இல்லை. அங்கே ஜெயித்துவிட்டுத்தான் மேடையேறுகிறார்கள், பாதி நேரம் தங்களையே ரசித்துக்கொண்டிருக்கிறார்கள். உனக்குக் கோபம் வரும், வரட்டும்.

நடுவில் ஜிம்மி பேஜ் தனியாக ஒன்று வாசிக்கிறார், யார்ட்பேர்ட்ஸ் நாளிலிருந்து கொண்டுவந்தது. டி-ஏ-டி-ஜி-ஏ-டி என்ற சுரங்களுக்குத் தந்திகளை மாற்றிச் சுருதி சேர்த்துக்கொண்டு. திறந்த தந்திகள் விடாமல் ரீங்கரிக்க, மேலே விரல் அலைய, பாதிக் கிழக்கு பாதி மேற்கு. 1972 அக்டோபரில் பேஜும் பிளான்ட்டும் பம்பாய் ஸ்டுடியோவில் நம்மூர் வித்வான்களை வைத்து ஒலிப்பதிவு செய்தார்களே, அதற்கு விதை இங்கேயே கிடக்கிறது. இதை மருமகனிடம் சொன்னேன். “ஓ” என்றான். அவ்வளவுதான் இந்தத் தலைமுறை.

எனக்குத் தூக்கம் வராமல் செய்தது பாட்டு இல்லை, அதைப் பிடித்தவன். ராக் உலகில் திருட்டு எல்பி என்று ஒன்று விற்பனைக்கு வந்ததே 1969 ஜூலையில், பாடகர் பாப் டிலானுடையது. அதற்கும் முன்னால், பெயர் தெரியாத ஒரு குழுவுக்காக மைக்கைத் தூக்கிப் பிடித்தவனுக்கு விற்கிற எண்ணம் எங்கிருந்து வரும்? சும்மா பிடித்திருக்கிறான். பின்னால் வந்தவர்கள் வேறு ரகம். லாஸ் ஏஞ்சலிசில் ஒருவர் நடக்க முடியாதவர்போலச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, உள்ளே நாகமிச்சி கேசட் ரெக்கார்டரை ஒளித்து எடுத்துப்போவாராம். நம் டிரம்ஸ்காரன் வர்க்கியின் மூளை! பீட்டர் கிராண்ட் இப்படிப்பட்டவர்களைக் கண்டால் விடமாட்டார். 1971இல் வான்கூவரில் எவனோ டேப் செய்கிறான் என்று மெஷினைப் பிடுங்கி உடைத்திருக்கிறார். பார்த்தால் அது இரைச்சலை அளக்க வந்த அரசாங்கக் கருவி.

இப்போது நம் கதைக்கு வா. மேட்டுப்பாளையம் இறங்கினாலே வெளிநாடு என்று நீதான் சொல்வாய். அப்படிப் பார்த்தால் அந்தக் கல்யாண ரிசப்ஷன்தான் நம் முதல் வெளிநாட்டுக் கச்சேரி. அதையும் ஒருவன் சும்மா பிடித்தான். நம் ‘பேட்டரி’ பயலின் நேஷனல் பானாசோனிக் டேப்ரிக்கார்டர், மோனோ, பந்தல்காலில் கட்டித் தொங்கவிட்டது. வர்க்கி ஓங்கி அடித்தால் மெஷின் பயந்து மொத்தச் சத்தத்தையும் அமுக்கிவிட்டு மெதுவாக மேலே விடும். ஆட்டோமேட்டிக் லெவலாம். மூன்றாவது பாட்டுக்கு மேல் செல் இறங்கி டேப் மெதுவாக ஓடியிருக்கிறது. அதனால் திரும்பப் போட்டால் வேகமாகக் கேட்கும், நீ எலிக்குரலில் பாடுவாய். அதையெல்லாம் கம்ப்யூட்டரில் சரியான வேகத்துக்கு இழுத்துவிடலாம் என்கிறான் மருமகன். சாம்பார் வாளிச் சத்தம், பாத்திரம் விழுந்தது, மாப்பிள்ளையின் சித்தப்பா மேடைக்கு வந்து “தம்பி, தெரிஞ்ச பாட்டா ஒண்ணு போடுங்க” என்றது, எல்லாம் அதில் இருக்கிறது. அந்தச் சித்தப்பா கடைசியில் நாற்காலியை இழுத்துப்போட்டு முன்னால் உட்கார்ந்தாரே. அதுவும் பூஜ்யத்திலிருந்து ஜெயித்ததுதானே?

ஓட்டாதே என்று சொன்னதன் காரணம் இது. என்னிடம் இருந்த கேசட்டுகளை எடுத்துப் பார்த்தேன். மூடுபனி ஒன்றையும் விடவில்லை. கேசட்டின் ஜன்னல் வழியாகப் பார்த்தால் டேப் சுருளின் விளிம்பில் வெள்ளைப் பொடி. பூஞ்சை. அப்படியே ஓட்டினால் டேப்ரிக்கார்டரின் ஹெட்டில் அப்பி, அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். ஒட்டிக்கொண்ட சுற்று பிரியும்போது டேப்பே கிழியும். டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கிற அந்தச் சின்ன ஃபெல்ட் துண்டு உதிர்ந்திருந்தால் சத்தம் சரியாக எழும்பாது. சென்னைப் பரணில் பனி இல்லை என்றாலும் கடற்காற்று இருக்கிறது, நம்ப முடியாது. பெங்களூரில் இதற்கென்றே ஒருவர் இருக்கிறாராம், கேசட்டின் வெளிக்கூட்டைப் பிரித்து, டேப்பைச் சுத்தம் செய்து, வேறு கூட்டுக்கு மாற்றிப் பிடித்துக் கொடுப்பார். மருமகன் பேசிவிட்டான்.

என்ன அவசரம் என்று கேட்பாய். உன்னிடம் சொல்லக் கூடாது என்று வர்க்கி சத்தியம் வாங்கியிருக்கிறான், ஆனாலும் சொல்கிறேன். அவனுக்கு வலது கை நடுங்குகிறது. முதலில் குளிர் என்றான். டீ கிளாஸை இடது கைக்கு மாற்றிக்கொண்டான். பிறகு கோயம்புத்தூரில் காட்டியதில் பார்க்கின்சன் என்று சொல்லிவிட்டார்கள். மாத்திரை சாப்பிடுகிறான், கடைக்கும் போகிறான், கிண்டலும் குறையவில்லை. ஆனால் அவன் வீட்டுத் திண்ணையில் எப்போதும் கிடக்குமே அந்த இரண்டு குச்சி, அது இப்போது கண்ணில் படவில்லை. நான் கேட்கவில்லை.

ஸ்போக்கேன் பதிவை அவனுக்குப் போட்டுக் காட்டினேன். அதில் போனமின் டிரம்ஸ் தனி ஆவர்த்தனம் இருக்கிறது, அப்போது அதற்குத் தன் பெண்டாட்டி பேட் பெயரை வைத்திருந்தான். பன்னிரண்டு வருஷத்தில், 1980 செப்டம்பரில், 32 வயதில் செத்துப்போனவன். இதில் இருபது வயசுத் திமிரோடு அடிக்கிறான். வர்க்கி கடைசிவரை தலையைக் குனிந்தபடி கேட்டான். “பையன் பயப்படலை பாரு” என்றான். கொஞ்சம் பொறுத்து, “நம்ம மேட்டுப்பாளையம் கேசட்டு சேகர்கிட்டதானே இருக்கு?” என்று கேட்டான். வேறு எதுவும் கேட்கவில்லை.

ஆகவே தபாலில் போடாதே, கொரியரும் வேண்டாம். உன் மகன் இந்தப் பக்கம் வருவதாகச் சொன்னாயே, அவனிடம் கொடுத்தனுப்பு. மலையேற இ-பாஸ் எடுக்கச் சொல். துணியில் சுற்றி டப்பாவில் போடு. பிளாஸ்டிக் கவர் கூடாது, மலையில் தடை, வழியிலேயே பிடுங்கிவிடுவார்கள். கார் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம், அதில் காந்தம் இருக்கிறது.

அதற்கு முன் ஒரு காரியம். உன் அக்கா கல்யாண நாதஸ்வரத்தை நீ இந்தக் கேசட்டின் மேல்தான் பதிந்தாய் என்று வர்க்கி இன்றைக்கும் சொல்கிறான். நீ இல்லை என்கிறாய். கேசட்டின் முதுகுப் பக்கம் இரண்டு ஓரத்திலும் சின்னத் துண்டு இருக்கும், பார். உடைந்திருந்தால் மேலே எதுவும் ஏறியிருக்காது, உன்னை நம்புகிறேன். உடைந்த ஓட்டையின் மேல் செலோ டேப் ஒட்டியிருந்தால் மறுபடி பதிந்திருக்கிறாய் என்று அர்த்தம், அன்றைக்கே ஃபோன் செய், உன் அக்காவிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
மணி