புரட்டாதித் தோட்டத்துக்குக் கை கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள ஊரவர்களுக்கு,

நேற்று இரவு ஐப்பசியின் முதல் பெருமழை. விடிந்ததும் சனசமூக நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் எங்கள் அரை ஏக்கர் பொதுத் தோட்டத்துக்கு ஓடினேன். பாத்திகளில் தண்ணீர் நிற்கவில்லை, எல்லாம் வடிகாலால் இறங்கியிருந்தது. அந்தச் சந்தோசத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் என் பிழை. ஆவணிக் கடைசியில் மிளகாய், கத்தரி விதை போட்டது நான். மண்ணில் இருக்கும் நோய்க்கிருமி சாக, விதைக்க முன் நாற்றுமேடையில் நெருப்பு வைத்துச் சுட வேண்டும். அவசரத்தில் அதைச் செய்யாமல் விட்டேன். நாற்றுகள் முளைத்துப் பத்து நாளில் அடித்தண்டு கறுத்து, நூல்போல மெலிந்து, வரிசையாகப் படுத்துவிட்டன. பின்னேரம் குளத்தடி அம்மம்மா வந்தார் (பெயர் போட வேண்டாமாம்). என்னை ஏசவில்லை. மண்ணைக் கிள்ளி மணந்து பார்த்துவிட்டு, "உமி இருக்கோ பிள்ளை?" என்று மட்டும் கேட்டார்.

நெல் மில்லில் வேலை செய்யும் தம்பி நாலு மூட்டை உமி கொண்டுவந்து இறக்கினார். வைக்கோலும் உமியும் படை படையாகப் பரப்பினோம். சோளகம், அதுதான் தென்மேல் காற்று, இன்னும் அடங்காத நாள். காற்று வரும் பக்கத்தில் கொளுத்தினால் மளமளவென்று எரிந்து முடிந்துவிடும், மண் சுடாது. அம்மம்மா மறுபக்கத்தில் வைத்தார். நெருப்பு காற்றுக்கு எதிரே ஊர்ந்து ஊர்ந்து வந்தது, சூடு கீழே இறங்கியது. சாம்பல் ஆறியதும் தன் வீட்டில் காயவைத்திருந்த செத்தல் மிளகாயை உடைத்து விதை தந்ததும் அவர்தான். அம்மம்மா, இன்று அந்த நாற்றுகள் நாலைந்து இலையோடு நிமிர்ந்து நிற்கின்றன. கோழி கிளறாமல் மூடப் பழைய நுளம்பு வலை தந்த அக்காவுக்கும் நன்றி.

வேலிக்கு ஊன்றக் கிளிசரியா மரத்துக் கதியால் (உயிர்த்தடி) வெட்டித் தந்தவர்கள் பலர். மழைக்கு முன் ஊன்றினால்தான் அது வேர் பிடிக்கும். கல்லாய் இறுகிய நிலத்தில் அலவாங்கால் (கடப்பாரையால்) குழி போட்ட பெடியன்களுக்குத் தனி நன்றி. கதியாலில் கழித்த குழையும் வீணாகவில்லை, பாத்திக்குள் தாட்டாயிற்று. இனிக் கட்டாக்காலி மாடுகள் வெளியே நிற்கும். யானைக்கு இந்த வேலி காணாது. அதனால்தான் வாழை வைக்கவில்லை, கேட்டவர்கள் மன்னிக்கவும்.

டீசலுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு லான்ட்மாஸ்டரால் (இரண்டு சில்லு உழவு இயந்திரத்தால்) உழுது தந்த அண்ணாவுக்கும் நன்றி. போர்க்காலத்துக் கண்ணிவெடி அகற்றிய காணிதான். ஆனாலும் கலப்பையில் இரும்பு தட்டிய சத்தம் கேட்டதும் எங்கள் வயதுக்காரர் எல்லோரும் அப்படியே நின்றுவிட்டோம். பார்த்தால், பழைய மாட்டு வண்டில் சில்லின் இரும்பு வளையம்! அண்ணா அதைக் கழுவி நிலையத்துச் சுவரில் தொங்கவிட்டிருக்கிறார்.

அப்புறம், தேத்தண்ணி. ஒவ்வொரு சனிக்கிழமையும் கோயிலில் எள்ளெண்ணெய் எரித்துவிட்டு நேரே தோட்டத்துக்கு வந்து கேத்தலை அடுப்பில் வைத்த மாதர் சங்கத்துப் பெண்களை மறந்தால் எனக்கு இனி பிளேன்ரீ கிடையாது.

வெண்டியும் பயிற்றையும் இந்தக் கிழமை நேரடியாகவே ஊன்றுகிறோம். மிளகாய் நாற்றுப் பிடுங்க இன்னும் பத்து நாள். எங்கள் பாத்திக்குப் போக மிஞ்சும், வீட்டுக்கு வேண்டியவர்கள் பின்னேரம் வந்து எடுத்துப் போங்கள். கிணற்றடியில் ஒரு அலவாங்கு கிடக்கிறது, பிடியில் சிவப்புத் துணி சுற்றியது. உரியவரும் வாருங்கள்.

நன்றியுடன்,
உங்கள் தோட்டக்காரி
ஒட்டுசுட்டான் பக்கம், முல்லைத்தீவு