சிவப்பு மையில் ஏழு ‘ஏன்’

அன்புள்ள மீனா,

போன வாரம் மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறாய். எடுக்கவில்லை என்று திட்டாதே. வார்டுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. ஹாஸ்டலுக்கு வந்தால் ரெக்கார்டு எழுதி முடிக்கவே ராத்திரி பதினொன்று ஆகிவிடுகிறது. நர்சிங் படிப்பில் சைக்கியாட்ரி போஸ்டிங், அதான் மனநல வார்டில் பயிற்சி, ஆரம்பித்துப் பத்து நாள் ஆகிறது.

கீழ்ப்பாக்கம் இல்லை, வேறு ஆஸ்பத்திரி. நீ அதைத்தான் முதலில் கேட்பாய் என்று தெரியும். ஸ்கூலில் யாராவது கொஞ்சம் சத்தமாகச் சிரித்தால்கூட “உன்னைக் கீழ்ப்பாக்கத்துலதான் சேர்க்கணும்” என்போமே! நாம் அப்போது சென்னையையே பார்த்ததில்லை. 1794-இல் தொடங்கிய மருத்துவமனையாம் அது. இத்தனை வருஷம் எத்தனையோ பேருக்கு வைத்தியம் பார்த்த இடத்தின் பெயரை ராமநாதபுரத்தில் உட்கார்ந்துகொண்டு வசவாக்கி வைத்திருந்தோம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

முதல் நாள் வாசலிலேயே கத்தரிக்கோல், சேஃப்டி பின், கழுத்தில் தொங்கும் ஐடி கார்டு கயிறு எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். சர்ஜரி வார்டில் காலை டீக்கு முன்னால் ஆறேழு டிரெஸ்ஸிங் முடித்துப் பழகியவளுக்கு வெறுங்கை. என்ன வேலை மேடம் என்று கேட்டால், “போய்ப் பேசு” என்கிறார்கள். எதைப் பேசுவது? கையை எங்கே வைத்துக்கொள்வது என்றுகூடத் தெரியாமல் நின்றேன்.

இங்கே ப்ராசஸ் ரெக்கார்டிங் என்று ஒன்று எழுத வேண்டும். நோயாளியோடு பேசியதை ஞாபகத்திலிருந்து வார்த்தை மாறாமல், அவர் சொன்னது ஒரு பக்கம், நாம் சொன்னது ஒரு பக்கம், அதற்கு என்ன அர்த்தம் என்பது இன்னொரு பக்கம். எனக்குக் கொடுத்தது எங்கள் அம்மா வயதில் ஒருவர். கடுமையான மனச்சோர்வு. கால் மணி நேரம் பேசி, அழகாகக் கோடு போட்டு எழுதிக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது சிவப்பு மையில் ஏழு வட்டம். ஏழும் ‘ஏன்’. ஏன் சாப்பிடல, ஏன் தூங்கல, ஏன் அழறீங்க. “நீ நர்ஸா, போலீஸா?” என்றார் மேடம். காரணம் தெரிந்தால் அவர் இங்கே எதற்கு வருகிறார்? ‘ஏன்’ என்றதும் ஏதோ தப்புச் செய்துவிட்ட மாதிரி பதில் தேட ஆரம்பித்துவிடுவாராம். அது போகட்டும். கடைசியில் “கவலைப்படாதீங்கம்மா, எல்லாம் சரியாயிடும்” என்று எழுதியிருந்தேன். அதுதான் நான் சொன்னதிலேயே நல்லது என்று நினைத்திருந்தேன். அதன் கீழே இரண்டு கோடு, பக்கத்தில் “உனக்கு எப்படித் தெரியும்?”

ஒரு நாள் முழுக்க மேடம் மேல் கோபமாக இருந்தேன். மறுநாள், வீம்புக்குத்தான், ஒன்றும் கேட்காமல் அந்த அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் சேலைத் தலைப்பை மடிப்பதும் நீவி விடுவதும் மறுபடி மடிப்பதுமாக இருந்தார். இருபது நிமிஷம் இருக்கும். எழுந்து போய்விடலாமா என்று நினைத்தபோது, “ராத்திரி ஆனா பயமா இருக்கு” என்றார். “ராத்திரிதான் பயமா இருக்கா?” என்றேன். அவர் சொன்னதையே திருப்பிச் சொன்னேன், அவ்வளவுதான். சாப்பாட்டு மணி அடிக்கும்வரை அவர்தான் பேசினார்.

சினிமாவில் காட்டுவார்களே, கரண்ட் வைப்பது, அதையும் பார்த்துவிட்டேன். வேறொரு அக்காவுக்கு. நீ நினைக்கிற மாதிரி இல்லை. மயக்க மருந்தும் தசையைத் தளர்த்தும் மருந்தும் இல்லாமல் கொடுக்கக் கூடாது என்று 2017 மனநலச் சட்டத்திலேயே இருக்கிறது. ராத்திரியிலிருந்து வெறும் வயிறு. வளையல், ஹேர்பின் எல்லாம் கழற்றி வாங்கி வைத்தது நான்தான். அவருக்குப் பயமோ இல்லையோ, எனக்குத்தான் உள்ளங்கை வேர்த்தது. பல்லுக்கு நடுவில் ஒரு ரப்பர் கட்டை. சில விநாடிதான். கால் கட்டைவிரல் மட்டும் துடித்தது. அப்புறம் ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பக்கத்திலேயே இருந்தேன். கண் விழித்ததும் எந்த இடம், என்ன கிழமை என்று நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, “டீ வந்துருச்சா?” என்றார்.

இன்னொன்று மட்டும் சொல்கிறேன். ஒருவர் கணுக்காலைச் சுற்றி வளையம் மாதிரி கருத்த தழும்பு. கொலுசுத் தடம் என்று நினைத்தேன். சங்கிலி என்றார் ஸ்டாஃப் சிஸ்டர். இங்கே வருவதற்கு முன்னால் எங்கேயோ கட்டிப்போட்டிருந்தார்களாம். அன்றைக்கு மேடம் ஏர்வாடியைப் பற்றிச் சொன்னார். 2001 ஆகஸ்ட் 6, அங்கே மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு இல்லத்தில் விடியற்காலை தீ. சங்கிலியில் இருந்தவர்களால் ஓட முடியவில்லை, 28 பேர் இறந்துபோனார்கள். நம் ஊரிலிருந்து டவுன் பஸ் தூரம். வீட்டில் ஒருவர்கூட இதைப் பற்றி நம்மிடம் பேசியதில்லை, கவனித்தாயா? கட்டிப்போடுவது இப்போது சட்டப்படி குற்றம். ஆனால் அந்தத் தழும்பு பழசு மாதிரித் தெரியவில்லை.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். அப்பா போனபிறகு அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை, பேசுவதில்லை என்று போன மாசம் போனில் அழுதாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “ஏண்டி அழறே, எல்லாம் சரியாயிடும்.” நீ “ம்” என்று வைத்துவிட்டாய். ரெக்கார்டில் எழுதியிருந்தால் இரண்டு சிவப்பு மார்க் வாங்கியிருப்பேன்.

வீட்டில் இப்போது ராத்திரி எப்படி இருக்கிறது? அம்மாவுக்கும், உனக்கும். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மேல் போன் என் கையில்தான் இருக்கும். கூப்பிடு. பேச ஒன்றும் இல்லை என்றாலும் கூப்பிடு.

உன்,
கவிதா