குழிக்குப் பக்கத்தில் வீடு

மதிப்புக்குரிய ஜென்னி புச்சார்ட் அம்மா அவர்களுக்கு,

அரியலூரிலிருந்து எழுதுகிறேன். சுண்ணாம்புக்கல் மைன்ஸில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவன். கடைசிப் பத்து வருஷம் மைனிங் மேட், அதாவது குழியில் வேலை செய்கிறவர்களை மேற்பார்க்கிறவன். நீங்கள் 1950லேயே போய்ச் சேர்ந்துவிட்டீர்கள், இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரப்போவதில்லை என்று தெரியும். ஆனாலும் புச்சார்ட் தோட்டம் என்று இன்றைக்குச் சொல்கிற உங்கள் வீட்டுக்குப் போய், மூலை முடுக்கெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு, வீட்டம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் திரும்பி வந்தது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

போன சித்திரையில் நானும் வீட்டுக்காரியும் கனடாவில், வான்கூவரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தோம். ஒரு சனிக்கிழமை எங்களைக் காரில் ஏற்றி, அந்தக் காரையே ஒரு பெரிய கப்பலுக்குள் ஓட்டி, ஒன்றரை மணி நேரம் கடலைக் கடந்து உங்கள் வான்கூவர் தீவுக்குக் கூட்டி வந்தாள். “பூந்தோட்டம்பா, நல்லா இருக்கும்” என்றாள். ஊட்டி மலர்க் கண்காட்சியில் நெரிபட்ட அனுபவம் உள்ளவன் நான், பெரிதாக ஆசைப்படவில்லை. டிக்கெட் விலையை ரூபாயில் கணக்குப் போடக் கூடாது என்று வாசலிலேயே என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அது ஒரு பழைய மைன்ஸ் என்பதை மட்டும் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான்.

மரங்களுக்கு நடுவே பாதை போகிறது. நிழல், ஈரம், பெயர் தெரியாத பூக்கள். ஒரு திருப்பம் திரும்பினதும் தரை இல்லை. எதிரே வெறும் ஆகாசம், கீழே ஐம்பது அடிப் பள்ளம். என் கால் தானாக நின்றுவிட்டது. பள்ளத்தின் விளிம்பில் நின்றால் முதலில் காலடி மண் இறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அப்புறம்தான் எதையும் பார்க்க வேண்டும். முப்பத்தோரு வருஷப் பழக்கம். மற்றவர்கள் எல்லாம் செல்போனைத் தூக்கிப் பூவைப் படம் பிடிக்கிறார்கள். நான் சுவரைப் பார்க்கிறேன். செங்குத்தாக வெட்டின சுவர். மேலிருந்து கீழ் வரைக்கும் பச்சைக் கொடி படர்ந்து தொங்குகிறது, ஆனால் கொடி விலகின இடத்தில் சாம்பல் நிறத்தில் எட்டிப் பார்ப்பது என்னவென்று எனக்கா தெரியாது? நடுவில் ஒரு பாறை மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. படிக்கட்டு வைத்து மேலே ஏறிப் பார்க்க வசதி செய்திருக்கிறீர்கள். எல்லோருக்கும் அது அழகு. எனக்கு, அந்தப் பாறையில் சுண்ணாம்பு தேறவில்லை, விட்டுவிட்டு இரண்டு பக்கமும் வெட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள் என்று தோன்றியது. நாங்களும் அப்படித்தான் செய்வோம். “இது மைன்ஸும்மா” என்று மகளிடம் சொன்னேன். “கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்னுதான் பார்த்தேன்” என்று சிரித்தாள்.

அதற்கப்புறம் அங்கே எழுதி வைத்திருந்ததை எல்லாம் ஒன்று விடாமல் மகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். ராத்திரி வீட்டில் உட்கார்ந்து மேலும் தேடிப் படித்தோம். உங்கள் வீட்டுக்காரர் ராபர்ட் பிம் புச்சார்ட் ஒன்டாரியோவில் ஓவன் சவுண்ட் என்ற ஊரில் சிமெண்ட் தொழில் பார்த்தவர். இந்தத் தீவில் நல்ல சுண்ணாம்புக்கல் இருக்கிறது, பக்கத்திலேயே கப்பல் வந்து நிற்க, கடல் உள்ளே புகுந்த அமைதியான கழியும் இருக்கிறது என்று கண்டு, டாட் இன்லெட் என்ற இடத்தில் 1904இல் ஆலை போட்டார். கல் இங்கே, சூளை இங்கே, துறையும் இங்கே. சிமெண்டுக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? நீங்களும் சும்மா கூட வந்தவர் இல்லை. வேதியியல் படித்து ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்திருக்கிறீர்கள் என்று படித்ததும் எனக்கு உங்கள் மேல் ஒரு சகத் தொழிலாளி பாசமே வந்துவிட்டது. கல்லில் சுண்ணாம்பு எத்தனை பங்கு என்று பார்க்கிற லேப் அம்மா!

1909 வாக்கில் அந்தக் குழியில் கல் தீர்ந்துபோனது. இந்த இடத்தில்தான் உங்கள் கதையும் எங்கள் ஊர்க் கதையும் பிரிகின்றன.

எங்கள் பக்கம் கல் தீர்ந்தால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். மெஷின் அடுத்த குழிக்குப் போய்விடும். மேலே இருந்து வாரிக் கொட்டின மண் மலை மலையாகக் கிடக்கும், அதில் சீமைக் கருவை முளைக்கும். இரண்டு மழையில் குழியில் தண்ணீர் நிற்கும். கரை செங்குத்து, இறங்கினால் ஏற முடியாது. என்னோடு ஏழாவது படித்த ஒருவன் அப்படி ஒரு தண்ணீரில்தான் போனான். எந்த ஆலையின் குழி என்பது இப்போது எதற்கு. 2003க்குப் பிறகு எங்கள் நாட்டிலும் சட்டம் வந்துவிட்டது. குழியைத் தோண்டும்போதே அதை எப்படி மூடுவது என்று திட்டம் எழுதித் தர வேண்டும், அதற்கு ஈட்டுத்தொகையும் கட்ட வேண்டும். அந்த ஃபைலுக்காக நானே டேப் பிடித்திருக்கிறேன், மரக்கன்றுகளை எண்ணியிருக்கிறேன். சில இடங்களில் நன்றாகவும் செய்திருக்கிறார்கள், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

உங்களுக்கு அப்படி ஒரு சட்டமும் இல்லை. யாரும் ஃபைல் கேட்கவில்லை. பிறகு ஏன் செய்தீர்கள்? உங்கள் வீட்டிலிருந்து குழியின் விளிம்பு வரைக்கும் நான் நடந்து பார்த்தேன். ஐந்து நிமிஷம் ஆகவில்லை. எனக்குப் பதில் அங்கேயே கிடைத்துவிட்டது. காலையில் எழுந்து வெளியே வந்தால் அந்தப் பள்ளம். விருந்தாளி வந்தால் அந்தப் பள்ளம். குழிக்குப் பக்கத்தில் முதலாளியின் வீடு இருந்தது, அவ்வளவுதான் விஷயம். எங்கள் குழிகளுக்குப் பக்கத்தில் இருப்பது என்னுடைய வீடும் என்னைப் போன்றவர்களின் வீடும். கையெழுத்துப் போடுகிறவர்கள் இருப்பது வேறு ஊர்களில். நீங்கள் நல்லவர் என்பதை நான் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். ஆனால் நல்ல மனசைவிட அந்த ஐந்து நிமிஷ நடைதான் அதிக வேலை செய்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

செய்த விதத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. வெறும் பாறைக் குழியில் எதை நட்டாலும் வராது. பக்கத்துப் பண்ணைகளிலிருந்து மேல்மண்ணைக் குதிரை வண்டியில் கொண்டுவந்து கொட்டச் செய்தீர்கள். வண்டி வண்டியாக, வருஷக்கணக்கில். தோட்டம் முடிந்தது 1921இல், அதாவது பன்னிரண்டு வருஷம். அடித்தரையை மண் போட்டு மூடிவிடலாம், சுவரை என்ன செய்வது? கப்பல்காரர்கள் பாய்மரத்தில் தொங்கி வேலை செய்வதற்கு ஒரு பலகையும் கயிறும் வைத்திருப்பார்களே, அதில் நீங்களே உட்கார்ந்து பாறை முகத்தில் இறங்கி, வெடிப்பு வெடிப்பாகக் கொடியைச் சொருகினீர்களாம். இதைக் கேட்டதும் எனக்கு உள்ளங்கை வியர்த்தது. வெடி வைத்த மறுநாள் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு லூஸ் கல்லைக் கடப்பாரையால் தட்டித் தள்ளுவதற்கு நானும் இறங்கியிருக்கிறேன். அங்கே தொங்கும்போது கல் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். எந்தப் பிளவு நிற்கும், எது பிடுங்கிக்கொண்டு வரும் என்று முகத்துக்கு நேரே ஒரு முழத் தூரத்தில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நான் தள்ளிவிடுவதற்காகத் தேடின பிளவை நீங்கள் நட்டு வைப்பதற்காகத் தேடியிருக்கிறீர்கள்.

குழியின் ஆழமான மூலையில் தண்ணீரை அப்படியே விட்டுவிட்டீர்கள். நாற்பது அடி ஆழம். உங்கள் பேரன் இயன் ராஸ் 1964இல் அதில் ஒரு நீரூற்று வைத்திருக்கிறார், எழுபது அடி உயரம் போகிறது. என் வீட்டுக்காரி அதன் எதிரில் உட்கார்ந்தவள் அரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

மற்ற தோட்டங்களைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. கழியை ஒட்டி யோகோஹாமாக்காரர் இசபுரோ கிஷிடாவின் கையால் உருவான ஜப்பானியத் தோட்டம், டென்னிஸ் மைதானத்தை எடுத்துவிட்டுப் போட்ட இத்தாலியத் தோட்டம், காய்கறிக் கொல்லையை எடுத்துவிட்டுப் போட்ட ரோஜாத் தோட்டம். அழகுதான். காய்கறிக் கொல்லையை எடுத்ததற்கு என் வீட்டுக்காரி உச்சுக் கொட்டினாள். உங்கள் வீட்டுக்காரருக்குப் பறவைப் பைத்தியமாமே, புல்வெளியில் மயில் விட்டிருந்தாராம். எங்கள் பக்கம் மக்காச்சோளம் போட்டவர்களிடம் மயிலைப் பற்றிக் கேட்டுப் பார்த்திருக்க வேண்டும் அவர்.

வாசலுக்கு வருகிறேன். வீட்டுக்கு ‘பென்வெனுட்டோ’ என்று பெயர் வைத்தீர்கள். இத்தாலிய மொழியில் நல்வரவு என்று அர்த்தமாம். ஊர்ச்சனம் கேள்விப்பட்டு வேடிக்கை பார்க்க வர, நீங்கள் விரட்டவில்லை. டீ கொடுத்தீர்கள். 1915இல் மட்டும் பதினெட்டாயிரம் பேருக்கு டீ கொடுத்ததாகச் சொல்கிறார்கள். அன்றைக்குக் குழியில் வேலை முடியவே இல்லை, பாதித் தோட்டம்தான் இருந்திருக்கும். அதற்கே இத்தனை பேர். 1920களில் வருஷத்துக்கு ஐம்பதாயிரம் பேருக்கு மேல் வந்தார்களாம். பிறகு 1939இல் இயனுக்கு இருபத்தோரு வயது நிறைந்தபோது தோட்டத்தையே அவருக்குப் பரிசாக எழுதி வைத்துவிட்டீர்கள். யுத்தத்தில் ஆள் இல்லாமல் தோட்டம் சீர்கெட, திரும்பி வந்தவர் அதை நிமிர்த்தினார். 1953இல் பூமிக்கடியில் கம்பி பதித்து ராத்திரி விளக்குப் போட்டார், கச்சேரி வைத்தார். 2004இல் கனடா அரசு தேசிய வரலாற்றுத் தலம் என்று அறிவித்தது, ஆனாலும் இன்று வரைக்கும் உங்கள் குடும்பத்தின் சொத்துதான். வருஷத்துக்குப் பத்து லட்சம் பேர் வருகிறார்கள். டிக்கெட் வாங்காமல் முடியாது என்பது எனக்குப் புரிகிறது. டீயைத்தான் காசு கொடுத்துக் குடித்தோம். சத்தியம் செய்திருந்ததால் கணக்குப் போடவில்லை.

ஒரு மனக்குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். விளிம்பில் நின்று பார்த்தால் மரங்களுக்கு மேலே ஒற்றைப் புகைபோக்கி தெரிகிறது. ஆலையில் மிச்சம் அது ஒன்றுதான் என்று போட்டிருந்தது. சிமெண்ட் நின்ற பிறகும் 1950 வாக்கு வரைக்கும் அங்கே பூந்தொட்டிகளும் ஓடுகளும் செய்தார்களாம். அந்தப் புகைபோக்கிக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் யார்? சீனத்திலிருந்து வந்தவர்கள், பஞ்சாபிலிருந்து வந்த சீக்கியர்கள். ஆலைக்குப் பக்கத்திலேயே குடிசை போட்டு இருந்தார்கள், சீனர்கள் தனியாக, சீக்கியர்கள் தனியாக. தோண்டினது அவர்கள். மண் கொட்டினதிலும் சீனர்களின் கை இருக்கும். அவர்களுக்கும் முன்னால் அந்தக் கழி அந்த மண்ணின் பூர்வகுடிகளான சானிச் மக்களுடையது. அவர்கள் மொழியில் அதற்கு நீலக் காட்டுக்கோழிகளின் இடம் என்று பெயர். அந்தச் சமூகத்துச் சிற்பிகள் இருவர் செதுக்கின மரத்தூண்கள் நூற்றாண்டு விழாவின்போது, 2004இல், தோட்டத்துக்குள் வந்து நின்றுவிட்டன. பக்கத்தில் போய்ப் பார்த்தேன், உளிபட்ட தடம் தெரிகிறது. சீக்கியர்களுக்கும் சீனர்களுக்கும் அப்படி ஒரு தூண் என் கண்ணில் படவில்லை. நான் ஒரு மத்தியானம் மட்டும் இருந்தவன், எங்காவது மூலையில் இருந்து நான் தவறவிட்டிருந்தால் மன்னிக்கணும். கல் உடைத்தவனுக்குக் கல் உடைத்தவன்தானே ஞாபகம் வரும்.

ஊருக்கு வந்து இரண்டு மாசம் ஆகிறது. போன வாரம் எங்கள் ஊருக்குப் பின்னால் இருக்கும் பழைய குழிக்குப் போனேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அதில் லாரி இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. இப்போது பாதி வரை தண்ணீர், பச்சை நிறம். ஒரு பக்கம் கரை சரிந்து தானாகப் பாதை விழுந்திருக்கிறது, அது வழியாக ஆடுகள் இறங்குகின்றன. யாரோ மோட்டார் வைத்துக் கொல்லைக்குத் தண்ணீர் எடுக்கிறார்கள். ஒரு பையன் தூண்டில் போட்டு ஜிலேபி மீன் பிடித்துக்கொண்டிருந்தான், பிளாஸ்டிக் வாளியில் நாலைந்து துள்ளுகிறது. பள்ளிக்கூடம் போகலையா என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் தோட்டத்தின் படங்களை போனில் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். நீரூற்றுப் படத்தில் நிறுத்தினான்.

“இதுவும் மைன்ஸா தாத்தா?”

ஆமாம் என்றேன்.

“தண்ணி எவ்ளோ ஆழம்?”

நாற்பது அடி என்றேன்.

“நம்முது அதவிட ஆழம்” என்று சொல்லிவிட்டுத் தூண்டிலை மறுபடி வீசினான்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்கு வந்துபோன அரியலூர்க்காரன்