பெயர் சொல்லாமல் போன ஐயாவுக்கு நன்றி

அப்பா விட்டுச்சென்ற மொரிஸ் மைனர் காரில், பின்சில்லோடு சுழலும் வட்ட இரும்பு மூடியான பிரேக் டிரம் எவ்வளவு அடித்தும் கழலாமல் நான் சோர்ந்து நின்றபோது, யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுப் படலையருகே சைக்கிளை நிறுத்தி உள்ளே வந்த பெரியவருக்கு என் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். என் கையிலிருந்த சுத்தியலை வாங்கிக் கீழே வைத்த அவர், முன்சில்லுகளுக்குக் கல் அண்டக்கொடுத்து, ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, டிரம்மின் முகத்திலுள்ள துளைவழியே ஸ்குரூ டிரைவரை நுழைத்து டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் பிரேக் ஷூக்களின் இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரைத் தளர்த்தினார். டிரம் தேய்ந்து உள்விளிம்பில் எழும்பிய வரம்பில் பிரேக் ஷூ மாட்டிக்கொண்டதே காரணம் என்றும் பொறுமையாக விளக்கினார். பிறகு துருவில் எண்ணெய் ஊறவிட்டு, மரக்கட்டை வைத்துச் சுற்றிவரத் தட்டியதும், செம்பொடி உதிர, டிரம் வெடிப்பேதுமின்றிக் கையோடு வந்தது. வார்ப்பிரும்பாயிற்றே, என் அடியில் அது உடைந்திருக்கும். ஐயா, மற்றச் சில்லையும் அவ்வாறே நானே கழற்றிவிட்டேன்.