கல்லடி வளவை விற்பது பற்றி

அன்பு மகளுக்கு,

நாங்கள் நலம். அம்மாவின் முழங்கால் நோவு முன்னையைவிடப் பரவாயில்லை. நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவை இரண்டு பேரும் கேட்டோம். மட்டக்களப்பில் கடலோரம் இருக்கிற கல்லடி வளவை விற்றுவிட்டு வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் காணி வாங்குங்கள், இல்லாவிட்டால் கொழும்புக்குப் போங்கள் என்கிறாய். மருமகனும் அதே கட்சி. இந்த நிலமே ஆடுகிற நிலம், 2004 சுனாமி போலக் கடல் திரும்ப வராது என்று யார் சொன்னது என்று கேட்டாய். வராது என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் நிலம் ஆடுவதையும் கடல் ஏறுவதையும் நீ ஒன்றாகப் போட்டுக் குழைத்துவிட்டாய். போனில் சொன்னால் இடையில் மறித்துப் பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் நிலம். சேவயராக, அதாவது நில அளவையாளராக, வேலை செய்த காலத்தில் குடும்பிமலைப் பக்கமும் மகாஓயாப் பக்கமும் காட்டுக்குள் சங்கிலியோடு திரிந்தவன் நான். அங்கே கண்ட பாறை பெரும்பாலும் நைஸ் வகை. வெள்ளையும் கறுப்புமாகப் பட்டை பட்டையாக ஓடும். அம்பாறையில் அத்திவாரத்துக்கு உடைக்கிற கருங்கல்லும் அந்த இனம்தான். கிழக்கிலங்கையின் இந்தப் பாறைகளைப் புவிச்சரிதவியலாளர் விஜயன் தொடர் என்பார்கள். இவற்றின் மூலப் பாறை உருவாகி ஏறத்தாழ 100 கோடி ஆண்டுகள். பின்னர், 60 கோடி முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னே கண்டங்கள் ஒன்றோடொன்று முட்டி, ‘கொண்டுவானா’ என்ற பெருங்கண்டமாகச் சேர்ந்தன. அந்த மோதலில் இந்தக் கல் பல கிலோமீற்றர் ஆழத்தில் அமுங்கி, வெந்து, பட்டை விழுந்தது. அந்தக் காலத்தில் நமக்குப் பக்கத்து வளவு அந்தாட்டிக்கா. நம்புவதற்குக் கஷ்டம்தான், ஆனால் இங்குள்ள பாறையோடு ஒத்துப்போகிற பாறைகள் அங்கே பனிக்கட்டிக்கு நடுவில் நீட்டிக்கொண்டு நிற்கின்றன.

இந்த வயதையெல்லாம் யார் பார்த்தது என்று மருமகன் கேட்பார். பாறைக்குள் சிர்க்கோன் என்று ஒரு மணி இருக்கிறது. அது உருவாகும்போது கொஞ்சம் யுரேனியத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும், ஈயத்தை அநேகமாகச் சேர்க்காது. யுரேனியம் மாறாத வேகத்தில் சிதைந்து கடைசியில் ஈயமாகும். எவ்வளவு ஈயம், எவ்வளவு யுரேனியம் மிச்சம் என்று அளந்தால் வயது வந்துவிடும். இதில் எனக்குப் பிடித்த சங்கதி, அந்த அளவு சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்கப் பல நாட்டு ஆய்வுகூடங்கள் வைத்திருப்பது இலங்கைச் சிர்க்கோன். மாணிக்கக்கல் தோண்டுகிற இடங்களில் கிடைப்பது. நீ இருக்கிற அவுஸ்திரேலியாவிலும் அதைத்தான் பாவித்திருக்கிறார்கள்.

சரி, கொண்டுவானாவும் நிலைக்கவில்லை. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவும் நாமும் அந்தாட்டிக்காவை விட்டுப் பிரிந்தோம். 9 கோடி ஆண்டளவில் மடகஸ்கார் கழன்றது. பிறகு இந்தியத் தகடு, அதாவது இந்தியாவையும் நம்மையும் சுமக்கிற பெரும் பாறைப் பலகை, வடக்கே ஓடிய ஓட்டம் சாதாரணமானது இல்லை. உச்ச வேகத்தில் ஆண்டுக்கு 15 சென்ரிமீற்றருக்கும் மேல். சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் போய் முட்டியது, இமயம் எழுந்தது. நாம் அந்தத் தகட்டின் உட்பகுதியில் பேசாமல் கூடவே போனோம். மோதல், எரிமலை, பெரிய நடுக்கம் எல்லாம் அநேகமாகத் தகடுகளின் ஓரத்தில்தான் நடக்கும். நமக்கு அந்த ஓரம் வெகு தூரம். இடைக்கிடை சின்ன அதிர்வு வருவதுண்டு, அவ்வளவுதான்.

மகாஓயா வெந்நீர் ஊற்றைப் பார்த்துவிட்டுக் கீழே எரிமலை இருக்கிறது என்று யாரோ மருமகனுக்குச் சொன்னார்களாம். அப்படி ஒன்றும் இல்லை. மழைத் தண்ணீர் பாறை வெடிப்பு வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்கே உள்ள சூட்டை வாங்கிக்கொண்டு மேலே வருகிறது. விஜயன் தொடரும் மலைநாட்டுப் பாறைத் தொடரும் சந்திக்கிற எல்லையை ஒட்டித்தான் நம் நாட்டு வெந்நீர் ஊற்றுகள் பல கிடக்கின்றன. அது ஆறிப்போன பழைய மோதலின் தழும்பு.

நான் படித்த காலத்தில் இந்தத் தகட்டுக் கதை எங்கள் பாடப்புத்தகத்தில் இல்லை. அல்பிரட் வெகனர் 1912 இல் கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்னார். எந்த விசை தள்ளுகிறது என்று அவரால் காட்ட முடியவில்லை, பெரிய ஆட்கள் சிரித்தார்கள். அவர் 1930 இல் கிறீன்லாந்துப் பனியில் இறந்துபோனார். கடலடி முகடுகளில் புதுத் தரை பிறந்து இரண்டு பக்கமும் விலகுகிறது என்பது 1960களில் தெளிவான பிறகுதான் உலகம் ஒத்துக்கொண்டது. இப்போது செய்மதி வைத்தே அளக்கிறார்கள். உன் அவுஸ்திரேலியா ஆண்டுக்கு சுமார் 7 சென்ரிமீற்றர் வடகிழக்குப் பக்கமாக நகர்வதால், 1994 ஆம் ஆண்டு நிலையில் வரைந்த தேசப்படத்தின் ஆள்கூறுகளை 2020 நிலைக்கு மாற்றியபோது 1.8 மீற்றர் தள்ள வேண்டி வந்தது. அரை அடிக்கு எல்லைச் சண்டை பிடிக்கிற சனத்துக்கு நடுவில் வேலை செய்த எனக்கு இதை வாசித்தபோது சிரிப்பு வந்தது. நாமும் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் அதே பக்கமாகத்தான் போய்க்கொண்டிருக்கிறோம்.

இனிக் கடல். சுமாத்திராவுக்கு அப்பால் நம் தகடு இன்னொன்றின் அடியில் இறங்குகிறது. வழுவழு என்று இறங்காது, சிக்கி நிற்கும். ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர் பாக்கி சேர்ந்துகொண்டே போகும். 2004 டிசம்பர் 26 காலை 7 மணிக்குச் சற்று முன், நூற்றாண்டுகளாகச் சேர்ந்த பாக்கி ஒரே தடவையில் தீர்ந்தது. 1200 கிலோமீற்றருக்கு மேல் நீளமான பிளவு. சில இடங்களில் 15 மீற்றருக்கும் கூடுதலாக நழுவியது. கடலடி மேலே தூக்கியதால் அதன்மேல் நின்ற தண்ணீரும் எழுந்தது. ஆழ்கடலில் அந்த அலை மணிக்கு 700 கிலோமீற்றர் வேகத்தில் வரும். ஏறத்தாழ 1600 கிலோமீற்றர் தாண்டி நம் கரைக்கு வர இரண்டு மணி நேரமளவு. பிளவு தெற்கு வடக்காகக் கிடந்ததால் அலையின் பலம் பெரும்பாலும் மேற்கிலும் கிழக்கிலும் போனது. மேற்கே நாம். வடக்கே வங்காளதேசத்துக்குப் பெரிய சேதம் இல்லை. இலங்கையில் அதிக உயிர் போனது அம்பாறை மாவட்டத்தில். நாவலடியில் அம்மம்மாவின் வீட்டைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

2012 ஏப்ரல் 11 உனக்கு ஞாபகம் இருக்கும், சித்திரைப் புத்தாண்டுக்குக் கிட்ட. 8.6 அளவு நடுக்கம். சனம் அப்படியே எழும்பி ஓடியது, வாவியைக் கடக்கிற பழைய ஒற்றைவழிக் கல்லடிப் பாலத்தில் கால் வைக்க இடமில்லை. கடைசியில் பெரிய அலை வரவில்லை. அன்று பாறை பக்கவாட்டில் உரசி நகர்ந்தது, கடலடியை மேலே தூக்கவில்லை. இந்தியப் பகுதியும் அவுஸ்திரேலியப் பகுதியும் ஒரே தகடாக இருந்து மெல்ல மெல்லப் பிரிகிற இடத்தில் நடந்தது அது. ஆகவே அளவு எண்ணை மட்டும் பார்த்து எதையும் முடிவு கட்டாதே. ஆனால் ஓடியது சரி. அடுத்த தடவையும் ஓடத்தான் வேண்டும்.

அப்படியானால் மறுபடி வருமா? வரும், எப்போது என்றுதான் சொல்ல முடியாது. அம்பாந்தோட்டைக் கரகன் களப்பின் சேற்றைத் துளையிட்டு எடுத்துப் பார்த்தபோது, நடுநடுவே பழைய அலைகள் கொண்டுவந்து போட்ட கடல் மணல் படைகள். கடந்த சில ஆயிரம் ஆண்டுகளில் இப்படிப் பல தடவை நடந்திருக்கிறது. இரண்டுக்கு நடுவில் சில நூறு ஆண்டும் இருக்கும், அதைவிடக் கூடவும் இருக்கும்.

ஒரு விஷயத்தைப் பேரனுக்கும் சொல்லிக்கொடு. கடல் உள்வாங்கினால் ஓடு என்று பள்ளியில் படிப்பிப்பார்கள். நம் கரையில் அதை நம்பி நிற்க முடியாது. 2004 இல் தாய்லாந்தில்தான் முதலில் கடல் வற்றியது, நம் பக்கம் முதலிலேயே தண்ணீர் ஏறியது. அவ்வளவு தூரத்து நடுக்கம் நம் காலுக்குத் தெரியாமலும் போகும். வெளியிலிருந்து செய்தி வந்தால்தான் உண்டு. இந்து சமுத்திரத்துக்கு அந்த எச்சரிக்கையைக் கொடுக்கிற மூன்று நாடுகள் இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா. அவுஸ்திரேலியாவின் வானிலைப் பணியகம் நீ இருக்கிற மெல்பேணில்தான்.

ஆகவே வளவை விற்கவில்லை. அம்மாவும் ஒப்பு. படுவான்கரையில் மாரிக்கு மாரி பாதை தண்ணீருக்குள் போகும், 2011 ஜனவரி வெள்ளத்தை மறந்துவிட்டாய். கொழும்பு எங்களுக்குச் சரிவராது. இரண்டு மணி நேரம் போதுமான நேரம். பக்கத்தில் இப்போது அகலமான புதுப் பாலம் இருக்கிறது. ஓட்டோக்காரத் தம்பியிடம் பேசி வைத்திருக்கிறேன், அம்மாவால் வேகமாக நடக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். காணி உறுதியின் மூலப்பிரதி கொக்கட்டிச்சோலையில் சித்தப்பாவின் அலுமாரியில். படம் எடுத்து உனக்கும் அனுப்புகிறேன், பத்திரமாக வை.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். அங்கே அறிவித்தல் வந்தால், இங்கே நடுச்சாமமாக இருந்தாலும் பார்க்காதே, உடனே கோல் எடு. அம்மாவின் போனுக்கு எடு, என்னுடையதை நான் இரவில் நிறுத்திவிடுவேன் என்று உனக்குத் தெரியும்தானே.

அன்புடன்,
அப்பா